சென்ஸ்8: ஒரு தொடரை நிறுத்திய கணக்கும், ரசிகர்கள் கேட்டு வாங்கிய முடிவும்

2017 ஜூன் 1ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ் ஒரு சின்ன அறிக்கை விட்டது. 23 எபிசோடுகள், 16 நகரங்கள், 13 நாடுகள் என்று பெருமையாகக் கணக்குச் சொல்லிவிட்டு, சென்ஸ்8 தொடர் இத்துடன் நிறைவு பெறுகிறது என்றது. இரண்டாவது சீசன் மே 5ஆம் தேதிதான் வெளியாகியிருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாதி எபிசோடு பார்த்துவிட்டு, மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

முழுதாகப் பார்த்து முடித்தவர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல் அதிகம். கதையின் எட்டு நாயகர்களில் ஒருவனான வுல்ஃப்காங் எதிரிகளிடம் சிக்கிச் சித்திரவதைப்படுகிறான். அதுவரை பெரும்பாலும் மனதால் மட்டுமே சந்தித்துக்கொண்ட மற்றவர்கள் முதல்முறையாக லண்டனில் நேரில் கூடி, வில்லனையே தூக்கி வேனில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். அதோடு சீசன் முடிந்துவிட்டது. அடுத்து என்ன நடந்தது என்று கேட்டால், அடுத்து ஒன்றும் இல்லை என்பதுதான் அந்த அறிக்கை சொன்ன பதில்.

ஓடிடி தளங்கள் தொடர்களை நடுவழியில் நிறுத்துவது இன்று வாடிக்கையாகிவிட்டது. அத்தனையிலும் சென்ஸ்8ஐ எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. நிறுவனம் எந்தக் கணக்கில் நிறுத்தியது, ரசிகர்கள் என்ன செய்தார்கள், நிறுவனம் எப்போது இறங்கிவந்தது, எவ்வளவு தூரம் இறங்கிவந்தது என்று ஒவ்வொரு கட்டமும் தேதியோடு பொதுவில் கிடக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடரை நிறுத்தியதில் பெரிய குற்றம் காண முடியவில்லை. கதையை அந்தரத்தில் விட்டதுதான் குற்றம். அதைச் சரிசெய்ய வழி இருந்தது என்பதை நெட்ஃபிளிக்ஸே அடுத்த வருடம் செய்து காட்டியது.

எட்டுப் பேர், எட்டு ஊர்

மேட்ரிக்ஸ் படங்களை எடுத்த லானா, லில்லி வச்சோவ்ஸ்கி சகோதரிகளும் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கியும் உருவாக்கிய தொடர் இது. முதல் சீசன் 2015 ஜூன் 5 அன்று வந்தது. ஒருவரையொருவர் அறியாத எட்டுப் பேர், எட்டு ஊர்க்காரர்கள், ஒரே நேரத்தில் பிறந்தவர்கள். திடீரென்று ஒரு நாள் ஒருவர் உணர்வது மற்ற ஏழு பேருக்கும் தெரிய ஆரம்பிக்கிறது. சிகாகோவில் ஒரு போலீஸ்காரன், லண்டனில் வாழும் ஐஸ்லாந்து டிஜே பெண், நைரோபியில் ஒரு மினிபஸ் டிரைவர், சியோலில் குத்துச்சண்டை தெரிந்த ஒரு தொழிலதிபரின் மகள், மெக்சிகோ சிட்டியில் தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைத்து வாழும் ஆக்‌ஷன் நடிகன், சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு திருநங்கை ஹேக்கர், பெர்லினில் பெட்டகம் உடைக்கும் வுல்ஃப்காங், மும்பையில் மருந்து கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளையார் பக்தை காலா. காலாவாக நடித்தவர் டினா தேசாய். அவருடைய அப்பாவாக வருபவர் அனுபம் கேர்.

கதையாகச் சொன்னால் சுலபமாக இருக்கிறது. எடுப்பது பேயாட்டம். காலாவும் வுல்ஃப்காங்கும் பேசிக்கொள்ளும் ஒரு காட்சியில் ஒரு நொடி அவன் மும்பையில் இருப்பான், அடுத்த நொடி அவள் பெர்லினில் இருப்பாள். அதற்கு இரண்டு நடிகர்களும் மும்பைக்கு வர வேண்டும், அதே வசனத்தைப் பேச வேண்டும், அப்புறம் இரண்டு பேரும் பெர்லினுக்குப் போய் மறுபடி அதையே பேச வேண்டும். முதல் சீசனில் காலாவின் கல்யாணச் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போது, பெர்லின் நீச்சல் குளத்திலிருந்த வுல்ஃப்காங் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் மணமேடைக்கு எதிரில் வந்து நிற்பான். அவள் மயங்கி விழுவாள். திரையில் சில நிமிடச் சிரிப்பு. அதற்குப் பின்னால் இருப்பது இரண்டு நாடுகள், இரண்டு படப்பிடிப்புக் குழுக்கள், ஒரு நடிகரின் விமான டிக்கெட், ஒரு முழுக் கல்யாண செட். இரண்டு பேருக்கே இப்படி என்றால், எட்டுப் பேரும் ஒன்றாக ஒரு பாட்டைப் பாடும் காட்சிக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அப்படிக் காட்சிகள் இந்தத் தொடரில் ஒன்றிரண்டு அல்ல. ரசிகர்கள் உருகியதும் அந்தக் காட்சிகளுக்குத்தான்.

இரண்டாவது சீசனுக்கு எபிசோடு ஒன்றுக்கு சுமார் 90 லட்சம் டாலர் ஆனதாக அப்போது பத்திரிகைகள் எழுதின. இதில் இன்னொரு சிக்கல், இடைவெளி. 2015 ஜூனில் முதல் சீசன், 2016 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு ஒரு நீண்ட எபிசோடு, 2017 மே மாதம்தான் மீதி சீசன். கிட்டத்தட்ட இரண்டு வருடம். அதற்குள் நைரோபி டிரைவராக நடித்தவர் மாறிவிட்டார். லில்லி வச்சோவ்ஸ்கி விலகிக்கொள்ள, சுமை லானாவின் தலையில் விழுந்தது. தீவிர ரசிகன் காத்திருப்பான். சும்மா பார்த்தவன் கதையையே மறந்திருப்பான். பணம் போட்டவன் எண்ணிப் பார்ப்பது இந்த இரண்டாவது ஆளைத்தான்.

கணக்குப் பிள்ளையின் பார்வை

ரத்து அறிவிப்புக்கு முந்தின நாள், 2017 மே 31 அன்று, நெட்ஃபிளிக்ஸின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் சிஎன்பிசி பேட்டியில் ஒரு விஷயம் சொன்னார். எங்கள் தொடர்களில் வெற்றி விகிதம் தேவைக்கு மேல் அதிகமாக இருக்கிறது, இன்னும் துணிந்து முயன்று பார்க்க வேண்டும், அப்படிச் செய்தால் ரத்தாகும் தொடர்களும் அதிகமாகத்தான் இருக்க வேண்டும் என்பது சாரம். வியாபாரியாகப் பார்த்தால் நியாயமான பேச்சு. ஆனால் மறுநாளே சென்ஸ்8 போனதும், அந்தப் பேட்டியைத் தேடி எடுத்து ரசிகர்கள் வறுத்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு முன்புதான் இன்னொரு பெரும் பட்ஜெட் தொடரான தி கெட் டவுன் நிறுத்தப்பட்டிருந்தது.

அதே ஜூன் மாதம் நிறுவனத்தின் உள்ளடக்கத் தலைவர் டெட் சரண்டோஸ் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: செலவு பெரிது, பார்க்கிறவர் கூட்டமும் பெரிது என்றால் நல்லது, செலவு பெரிதாக இருந்து கூட்டம் சின்னதாக இருந்தால் எங்கள் மாடலிலும் அது ரொம்ப நாள் ஓடாது. 2023 ஜனவரியில் ப்ளூம்பெர்க் பேட்டியிலும் அவர் கிட்டத்தட்ட இதையேதான் திருப்பிச் சொன்னார், வெற்றி பெற்ற எந்தத் தொடரையும் நாங்கள் ரத்து செய்ததே இல்லை என்ற வரியோடு சேர்த்து. அந்த வரியைப் படித்தபோது பல ரசிகர்களுக்கு ரத்தம் கொதித்தது. வெற்றி என்றால் என்ன என்பதை அளக்கும் கோல் நிறுவனத்தின் கையில் மட்டுமே இருக்கிறது என்பதுதான் அவர்களுடைய குறை.

அந்தக் கோல் எப்படிப்பட்டது என்பது 2019இல் கொஞ்சம் தெரியவந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் நெட்ஃபிளிக்ஸ் மூன்று வகைப் பார்வையாளர்களைச் சொன்னது. இரண்டு நிமிடம் பார்த்தவர் ‘தொடங்கியவர்’. ஒரு எபிசோடில் 70 சதவீதம் பார்த்தவர் ‘பார்த்தவர்’. சீசனில் 90 சதவீதத்தைத் தாண்டியவர் ‘முடித்தவர்’. இதை முதல் ஏழு நாளிலும் முதல் 28 நாளிலும் எண்ணுவதாக அந்தக் கடிதம் சொன்னது. ஆக, ஒரு தொடரை ஆற அமர, வாரம் ஒரு எபிசோடாக ரசித்துப் பார்க்கிறவர் அந்த 28 நாள் கணக்கில் அரைகுறைப் பார்வையாளர்தான். சென்ஸ்8 மாதிரி, ஒரு எபிசோடு பார்த்துவிட்டு மூச்சு வாங்க வேண்டிய தொடருக்கு இந்த அளவுகோல் சாதகமாக இருக்க வாய்ப்பே இல்லை.

பழைய அமெரிக்க டிவியில் கதை வேறு. ஒரு தொடர் சுமார் 100 எபிசோடைத் தொட்டுவிட்டால், மறுஒளிபரப்பு உரிமையை ஊர் ஊராக விற்றுக் காசு பார்க்கலாம். சுமாராக ஓடும் தொடரைக்கூட இழுத்துக்கொண்டு போக ஸ்டுடியோவுக்கு ஒரு ஆசை இருந்தது. ஸ்ட்ரீமிங்கில் அந்தப் பின்வருமானம் கிடையாது. தயாரிப்புச் செலவையும் அதற்கு மேல் ஒரு லாபத் தொகையையும் முன்கூட்டியே கொடுத்து உலக உரிமையை மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். சீசன் ஏற ஏற நடிகர் சம்பளமும் ஒப்பந்தத் தொகையும் ஏறும். ஆனால் மூன்றாவது சீசனைப் பார்ப்பதற்காகப் புதிதாகச் சந்தா கட்ட வருபவர் எத்தனை பேர்? முதல் இரண்டு சீசனைப் பார்த்தவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். அதே பணத்தில் புதிதாக ஒன்றை எடுத்தால் வெளியே நிற்பவர் யாராவது எட்டிப் பார்ப்பார். இந்தக் கணக்கில் வயதான தொடருக்கு எப்போதும் நஷ்டம்தான்.

அந்த ஜூன் மாதம்

அறிவிப்பு வந்த அன்றே ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் நெட்ஃபிளிக்ஸின் எந்தப் பதிவைத் திறந்தாலும் கீழே சென்ஸ்8தான். சமையல் நிகழ்ச்சிக்கு விளம்பரம் போட்டாலும் கீழே வந்து அதையே கேட்டார்கள். இணையத்தில் மனு, அலுவலகத்துக்குத் தொலைபேசி, கடிதம், சந்தாவை நிறுத்துவோம் என்ற மிரட்டல், எல்லாம் நடந்தது. குறிப்பாகப் பிரேசில் ரசிகர்கள் விடாக்கண்டர்களாக இருந்தார்கள். அதற்கு ஒரு காரணம், 2016 மே மாதம் சாவ் பாவ்லோவில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் நடத்தும் பிரைட் ஊர்வலத்துக்கே நடிகர்கள் நேரில் வந்து, லட்சக்கணக்கான கூட்டத்தின் நடுவில் காட்சி எடுத்தார்கள். இரண்டாவது சீசனில் வரும் அந்தக் காட்சியில் நடிகன் லீட்டோ மேடையேறி, இத்தனை நாள் மறைத்துவைத்த தன் காதலனை ஊரறிய முத்தமிடுவான். கீழே ஆர்ப்பரிப்பது நிஜக் கூட்டம். அந்த ஊர்க்காரர்களுக்கு இது வெளிநாட்டுத் தொடர் அல்ல, தாங்களும் நடித்த தொடர்.

தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் இவ்வளவு உரிமையோடு சண்டைக்கு நின்றதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. படைத்த சகோதரிகள் இருவருமே திருநங்கைகள். திருநங்கை பாத்திரத்தில் நடித்த ஜேமி கிளேட்டனும் திருநங்கைதான். தங்களைப் பரிதாபத்துக்கோ பரிகாசத்துக்கோ வைக்காமல், காதலும் சண்டையும் சாப்பாடுமாக வாழவிட்ட ஒரு கதை அவர்களுக்கு அன்று வேறு எத்தனை இருந்தது?

ஜூன் 8 அன்று நெட்ஃபிளிக்ஸ் பதில் சொன்னது. மனுக்களைப் பார்த்தோம், செய்திகளைப் படித்தோம், எப்படியாவது தொடர முடியுமா என்று ரொம்ப யோசித்தோம், முடியவில்லை என்று. பொதுவாக இந்த மாதிரி நேரத்தில் நிறுவனங்கள் பேசாமல் இருந்துவிடும். ஆறப் போட்டால் அடங்கிவிடும் என்பதுதான் எண்ணமாக இருக்கும். பதில் சொன்னதே ஒரு வெற்றி என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

ஜூன் 29 அன்று லானா வச்சோவ்ஸ்கியின் கடிதம் வந்தது. ரத்தானதும் தான் மனச்சோர்வில் விழுந்ததையும், வந்து குவிந்த கடிதங்களையும் அதில் எழுதியிருந்தார். உங்கள் அன்பு சென்ஸ்8ஐ மறுபடி உயிர்ப்பித்திருக்கிறது, அடுத்த ஆண்டு இரண்டு மணி நேரச் சிறப்பு எபிசோடு ஒன்று வரும் என்று அறிவித்தார். நெட்ஃபிளிக்ஸுக்கும் இந்தத் தொடர் பிடிக்கும், ஆனால் எண்கள் எப்போதும் சவாலாகவே இருந்தன என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரியும் சேர்த்திருந்தார். மொத்தக் கதையும் அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. ஜூன் 1 முதல் 29 வரை எண்ணினால் 28 நாள். நிறுவனம் ஒரு தொடருக்குக் கொடுக்கும் அதே அவகாசம். தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இந்தக் களேபரத்தில் ஆகஸ்ட் மாதம் ஒரு ஆபாசப் படத் தளம், மூன்றாவது சீசனுக்கு நாங்கள் பணம் போடுகிறோம் என்று பகிரங்கக் கடிதம் எழுதியது தனிக்கூத்து. விளம்பரத்துக்காகத்தான். ஆனாலும் பெரிய ஸ்டுடியோக்கள் எதுவும் வாய் திறக்காதபோது வந்த ஒரே அழைப்பு அதுதான் என்று ரசிகர்கள் கிண்டலடித்தார்கள்.

151 நிமிடங்கள்

கடைசி எபிசோடு 2018 ஜூன் 8 அன்று வெளியானது. முடியாது என்று பதில் சொல்லிச் சரியாக ஒரு வருடம். இரண்டு மணி நேரம் என்று சொன்னது 151 நிமிடமாக நீண்டிருந்தது. பாரிஸ், நேப்பிள்ஸ் என்று மறுபடி ஊர் ஊராகத்தான் எடுத்தார்கள். அந்த விஷயத்தில் சிக்கனம் எதுவும் கண்ணில் படவில்லை.

படைப்பாளிகள் மனதில் வைத்திருந்தது ஐந்து சீசன். அதில் மீதி மூன்றை இரண்டரை மணி நேரத்துக்குள் அடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. வுல்ஃப்காங்கை மீட்பது, வில்லனை ஒழிப்பது, இந்த மனிதர்களை வேட்டையாடும் அமைப்பு ஏன் அப்படி ஆனது, காலா புருஷனோடு இருப்பாளா வுல்ஃப்காங்கோடு போவாளா என்று எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. சில பதில்கள் ஓட்டமாக ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்ன பதில்கள். இரண்டு சீசனாகப் பயமுறுத்திய அமைப்பின் பின்னணியை ஒரு சில வசனங்களில் முடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. கதைக்கு வெளியே நின்ற துணைப் பாத்திரங்களை எல்லாம் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து, ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்தது பிடித்தது. காலாவின் கணவன், லீட்டோவின் காதலன், ஹேக்கர் நோமியின் காதலி என்று எட்டுப் பேரின் வாழ்க்கையோடு பிணைந்தவர்கள் அவர்கள். கடைசியில் ஐஃபல் கோபுரத்தில் ஒரு கல்யாணம். ரசிகர்களுக்காக என்று ஒரு சமர்ப்பணம். அவ்வளவுதான்.

குறை சொல்ல நிறைய இருந்தும், அதற்கு அப்புறம் சென்ஸ்8 ரசிகர்களிடம் அந்த எரிச்சல் இல்லை. இன்னும் மூன்று சீசன் வந்திருக்கலாம் என்ற ஏக்கம் மட்டும்தான் உண்டு. நம் ஊர் டிவி சீரியலை டிஆர்பி குறைந்து திடீரென்று நிறுத்தினாலும், கடைசி வாரத்தில் வில்லியைத் திருத்தி, குடும்பத்தை ஒன்று சேர்த்து நிற்க வைத்து சுபம் போட்டுவிடுகிறார்கள். அவசரத்தில் போட்டது என்று பார்க்கிற அத்தை, சித்திகளுக்கும் தெரியும். திட்டிக்கொண்டே அடுத்த சீரியலுக்குப் போய்விடுவார்கள். உலகம் முழுக்கக் கடை விரித்த நிறுவனத்துக்கு இந்த மரியாதையைக் காட்ட ஒரு மாதக் கூச்சல் தேவைப்பட்டது.

மற்றவர்களுக்குக் கிடைக்காதது

சென்ஸ்8 ஒரு முன்னுதாரணம் ஆகும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். பிரிட் மார்லிங், ஸால் பட்மங்லிஜ் இருவரும் ஐந்து பாகமாகத் திட்டமிட்ட தி ஓஏ, இரண்டாவது பாகம் முடிந்ததும் 2019 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. அதன் கடைசிக் காட்சி கதையையே தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்டு நின்றது. நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் ரசிகர்கள் காசு சேர்த்து விளம்பரப் பலகை வைத்தார்கள். ஒரு ரசிகை ஹாலிவுட்டில் நெட்ஃபிளிக்ஸ் அலுவலகத்தின் முன்பு உண்ணாவிரதம் இருந்தார். மார்லிங்கே வந்து அவரைப் பார்த்தார். நிறுவனம் அசையவில்லை.

டார்க் தொடரை எடுத்த ஜெர்மானிய ஜோடியின் ‘1899’ என்ற தொடர் 2022 நவம்பர் 17 அன்று வந்தது. பல நாடுகளில் டாப் 10 பட்டியலில் நின்றது. 2023 ஜனவரி 2 அன்று, ஒன்றரை மாதத்தில், ரத்தான செய்தியை இயக்குநரே இன்ஸ்டாகிராமில் சொன்னார். டார்க்குக்கு மூன்று சீசன் கிடைத்தது போல இதற்கும் கிடைத்திருந்தால் முடித்திருப்போம் என்று வருத்தப்பட்டார். வாரியர் நன் தொடர் நிறுத்தப்பட்டதும் அந்தக் குளிர்காலத்தில்தான். குளோ தொடரின் நிலை இன்னும் கொடுமை. நான்காவது சீசன்தான் கடைசி என்று அறிவித்து, படப்பிடிப்பும் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2020 அக்டோபரில் அதையும் ரத்து செய்தார்கள். முடிவு தருகிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டதால் இந்தக் காயம் வேறு மாதிரி.

இதையெல்லாம் பார்த்துப் பழகிய பார்வையாளர் இப்போது என்ன செய்கிறார்? புதுத் தொடர் வந்தால் தொடுவதில்லை. மூன்று சீசன் வரட்டும், முடிவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். அவர் காத்திருக்கும்போது 28 நாள் கணக்கில் எண்ணிக்கை விழுகிறது. எண்ணிக்கை விழுந்தால் தொடர் ரத்தாகிறது. தான் சந்தேகப்பட்டது சரி என்று அவர் இன்னும் உறுதியாக நம்புகிறார். நிறுவனம் தானே தோண்டிய பள்ளம் இது. ஆனால் விழுவது பெரும்பாலும் புதிதாக வரும் எழுத்தாளர்கள்தான். ஏற்கெனவே பெயர் வாங்கிய நாவலோ காமிக்ஸோ பின்னால் இல்லாமல் சொந்தக் கதையோடு வருபவர்களை நம்பி யார் முதல் வாரமே உட்காருவார்கள்?

பல சீசன் கதைக்குக் காசு ஒதுக்கும்போதே, நிறுத்த நேர்ந்தால் ஒரு முடிவு எபிசோடு எடுக்கும் செலவையும் ஒப்பந்தத்தில் எழுதிவைக்கலாம். சென்ஸ்8 போலப் பாரிஸும் நேப்பிள்ஸும் தேவையில்லை. பெரும்பாலான தொடர்களை இரண்டு செட்டும் நாலு வெளிப்புறக் காட்சியும் வைத்து கௌரவமாக முடித்துவிடலாம். நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் கலைந்து போன பிறகு ஒரு வருடம் கழித்துக் கூட்டிவருவதுதான் செலவு. சென்ஸ்8க்கு அந்த அதிகச் செலவையே செய்தார்கள்.

இன்னொரு வழி, உரிமையை விட்டுக்கொடுப்பது. ஒன் டே அட் எ டைம் தொடரை நெட்ஃபிளிக்ஸ் 2019 மார்ச்சில் நிறுத்தியபோது, மூன்று மாதத்தில் பாப் டிவி என்ற கேபிள் சேனல் அதை எடுத்துக்கொண்டு நான்காவது சீசன் எடுத்தது. ஸ்ட்ரீமிங் தளம் நிறுத்தியதைப் பழைய டிவி காப்பாற்றியது அதுவரை நடக்காத விஷயம். அது சிரிப்பொலியோடு ஒரே வீட்டுக்குள் நடக்கும் குடும்ப நகைச்சுவைத் தொடர். செட்டைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். எட்டு ஊர்க் கதையை அப்படித் தூக்கிக்கொண்டு போக எந்த கேபிள் சேனலிடமும் பணம் கிடையாது.